மார்கழியில் யார் வாய்க்கால் திறப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

கிளிநொச்சியில் நடந்த இலக்கியச் சந்திப்பொன்றில் எனது சிறுகதையை வாசித்தேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் அண்ணனும் தம்பியும் மார்கழியில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பகைத்துக்கொள்ளும் கதை அது. வயதான கமக்காரர் ஒருவர் எழுந்து, "மார்கழியில ஆர் தம்பி வாய்க்கால் திறக்கிறது?" என்று கேட்டார், சபை சிரித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேச்சுத்தமிழைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர், போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வன்னிக் கதையே அல்ல என்றார். எதை ஏற்பது, எதை விடுவது? அதன்பின் எழுதவே மனம் வரவில்லை.

துணுக்காயிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

சபையின் சிரிப்பை விட்டுவிட்டு, அந்தக் கமக்காரரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாரிகாலத்து நெற்செய்கையான காலபோகம் பெரும்பாலும் மழையை நம்பிச் செய்யப்படுவது. மழை பொய்த்த ஆண்டென்று நீங்கள் சொல்லியிருந்தால் கதை வேறு. மற்றப்படி மார்கழியில் வயல்காரனுக்கு உள்ள கவலை, வந்த தண்ணீர் வடியவில்லையே என்பதுதான். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்ததையும் அங்கிருந்த பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். வாய்க்கால் தண்ணீருக்கான பகை, கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு உரியது; குளத்தில் உள்ள நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

மாதத்தின் பெயரை மாற்றிவிட்டால் இது தீர்ந்துவிடாது. கதையைச் சிறுபோகத்துக்கு நகர்த்தினால், சகோதரர் இருவரும் இரவில் வாய்க்கால் கரையில் ஒருவரையொருவர் காவல் காப்பார்கள். மார்கழியிலேயே நிறுத்தினால், மேல்வயல் அண்ணன் வரம்பை வெட்டித் தன் வயல் வெள்ளத்தைத் தம்பியின் கதிர் தள்ளவிருக்கும் குடலைப் பயிருக்குள் விடுவான். தன் பயிரைக் காப்பதற்குத் தம்பியின் பயிரை அழிக்க வேண்டிய அந்த இடத்தையே என் மனம் நாடுகிறது. கமக்காரர் உங்களுக்கு இதைச் சொல்லவில்லை. கதை இடறும் இடத்தைத்தான் காட்டினார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பதும் முறையல்ல, ஏனெனில் வழியைத் தேடுவது எழுதுகிறவரின் வேலை.

ஆசிரியரின் குறையை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கியத்தில் நடந்த மரபுப் போராட்டம் என்ற விவாதத்தில், பேச்சுமொழியில் எழுதியவர்களின் ஆக்கங்களை 'இழிசனர் இலக்கியம்' என்றே பண்டிதர்கள் சிலர் ஒதுக்கினார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்த எழுத்தாளர்களின் பக்கம் நின்று வாதாடினார்கள். அந்த வழக்கு நமக்காக எப்போதோ பேசி முடிக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது குரலை அப்படி ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 2009 இல், போரின் இறுதி மாதங்களில், உறவுகளைப் பறிகொடுத்த ஒருவர், தம் ஊர்க் கதையில் தம்மைத் தேடுவது நியாயமானது. ஆனாலும் அவருக்காகப் போரைப் பற்றிய ஒரு பந்தியைக் கதையில் ஒட்டவைத்தால், அது அவருக்கும் கதைக்கும் செய்யும் அவமரியாதையாகவே முடியும். கதை பேசாமல் விட்டது நீங்கள் தெரிந்தே விட்டதா, நினைக்காமல் விட்டதா என்று பாருங்கள். நாற்பது வயதான உங்கள் அண்ணன்காரன் அந்த மாதங்களில் எங்கே இருந்தான், மீள்குடியேறியபோது அந்த வரம்பைத் திரும்பப் போட்டவர் யார், காணி உறுதி கையில் இருந்ததா என்பவை கதையில் ஒரு சொல்லாகக்கூட வராமல் போகலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால், அவன் மண்வெட்டியை ஓங்கும் விதமே மாறிவிடும்.

திருத்தி எழுதியதும் முதலில் அந்தக் கமக்காரரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அறுவடை முடிந்த பிறகு போனால், ஆறுதலாக இருந்து கேட்பார்.