கடை குடையாவது ஏன்?

கேள்வி: அச்சகம் ஒன்றில் தட்டச்சுச் செய்கிறேன். வேர்டில், பாமினி எழுத்துருவில்தான் பெரும்பாலான வேலை. சரியாக அடித்த சொற்கள் தாமாக மாறிவிடுகின்றன. வாக்கியத்தை 'அம்மா' என்று தொடங்கினால் 'ஆம்மா', 'மரம்' என்று தொடங்கினால் 'முரம்'. அதே சொற்கள் வரியின் நடுவில் வந்தால் ஒன்றும் ஆவதில்லை. முருகன் என்ற பெயர் சில இடங்களில் 'முரகன்' ஆகிறது. பழுது விசைப்பலகையிலா, எழுத்துருவிலா? ஆங்கிலப் பத்திரங்களில் பிரிவு எண்ணை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'சி' போட்டால் பதிப்புரிமைக் குறி வந்து நிற்கிறது. இவற்றை எப்படி நிறுத்துவது?

பதில்: விசைப்பலகையும் எழுத்துருவும் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் கையிலும் பிழை இல்லை. பாமினியில் அடிக்கும்போது திரையில் தெரிவது தமிழ்; கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்து. சிறிய 'எம்' எழுத்துக்கு 'அ' என்ற உருவத்தையும், பெரிய 'எம்' எழுத்துக்கு 'ஆ' என்ற உருவத்தையும் பாமினி மாட்டி வைத்திருக்கிறது. சிறிய 'கே' என்றால் ம, பெரிய 'கே' என்றால் மு. சிறிய 'எஃப்' என்றால் க, பெரியது கு. வேர்டுக்கு உருவம் முக்கியமில்லை. அது எழுத்தைப் பார்க்கிறது. ஆங்கில வாக்கியம் சிறிய எழுத்தில் தொடங்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விதி. 1993இல் வேர்ட் 6.0 பதிப்போடு வந்த தானியங்கித் திருத்தம் ஆங்கிலத் தட்டச்சின் தவறுகளை மனத்தில் வைத்து உருவானது. ஆகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறது. உங்கள் 'அ' நெடிலாகிறது, 'ம' உகரம் ஏறி 'மு' ஆகிறது. நடுவில் வரும் சொற்கள் தப்பிப்பதும் இதனால்தான்.

முருகனுக்கு நேர்வது வேறொரு விதி. மு, ரு இரண்டும் பெரிய எழுத்துகள். அடுத்து வரும் 'க' சிறியது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால், ஷிஃப்ட் விசையிலிருந்து விரலை எடுக்கத் தாமதமாகிவிட்டது என்று வேர்ட் கருதி இரண்டாவதைச் சிறிதாக்கக்கூடும். 'ரு' அப்போது 'ர' ஆகிவிடுகிறது.

'ஆம்மா', 'முரம்' போன்றவை எனக்கு அவ்வளவு கவலை தரவில்லை; மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். என் கவலையெல்லாம் மாறிய பிறகும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே நிற்பவற்றைப் பற்றித்தான். கடை குடையாகிறது, பகை புகையாகிறது, பலி புலியாகிறது, உடல் ஊடலாகிறது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி 'கடை' என்று தொடங்க வேண்டிய இடத்தில் 'குடை' என்று அச்சாகிவிட்டால், எந்தப் பிழைதிருத்தியும் அதைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டாது. பிரதியைப் பார்த்து அடிப்பவர்களின் கண் திரையில் இருப்பதுமில்லை. சொல் முடிந்ததாக வேர்ட் கருதும் நொடியில், கை அடுத்த சொல்லுக்குப் போன பிறகே, மாற்றம் நடக்கிறது.

நிறுத்தும் வழி இது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்' என்று வரிசையாகச் சென்று 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் மேல்பகுதியில் பெரிய எழுத்து பற்றிய கட்டங்கள் இருக்கும்: தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள், வாக்கியத்தின் முதல் எழுத்து, அட்டவணைக் கட்டத்தின் முதல் எழுத்து, கிழமைப் பெயர்கள், கேப்ஸ் லாக் தவறு. எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். ஆங்கில வேலைக்கு இவை தேவைப்படுமே என்று தயங்க வேண்டாம். தட்டச்சே தொழிலாக உள்ளவருக்கு ஷிஃப்ட் விசை பழகியதுதான். இந்த அமைப்பு கோப்போடு போகாது, கணினியில் அந்தப் பயனர் கணக்கோடு இருக்கும். அச்சகத்தில் நான்கு கணினிகள் இருந்தால் நான்கிலும் செய்தாக வேண்டும்.

பதிப்புரிமைக் குறி அதே பெட்டியின் கீழ்ப்பகுதியில் உள்ள மாற்றுப் பட்டியலிலிருந்து வருகிறது. பட்டியலின் தொடக்கத்திலேயே அந்த வரி இருக்கும். தேர்ந்தெடுத்து 'டெலீட்' கொடுத்தால் போதும். எப்போதோ ஒருமுறை வரும் தொல்லையென்றால், மாறிய அந்த நொடியிலேயே கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். திருத்தம் மட்டும் ரத்தாகும், நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும். லிப்ரேஆஃபிஸ் ரைட்டரிலும் இதே விதிகள் உண்டு. அங்கே 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆட்டோகரெக்ட்' என்பதன் கீழ் 'வைல் டைப்பிங்' குறியை எடுத்தால் எல்லாம் ஒரே அடியாக நிற்கும்.

ஆனாலும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்றே வற்புறுத்துவேன். யூனிகோடில் 'அ' என்பது 'அ'தான். தமிழ் எழுத்துக்குப் பெரியது சிறியது கிடையாது, எனவே இந்த விதிகளுக்கு அங்கே வேலையே இல்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே அதைத் தரமாக ஏற்றுவிட்டது. பாமினி விசைகளில் பழகிய கையை மாற்ற வேண்டுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு, தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசையமைப்பு இருக்கிறது. விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், கோப்பில் யூனிகோடு பதிவாகும்.

ஏற்கெனவே அடித்து வைத்த கோப்புகளைத் திறப்பதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. தட்டச்சின்போதுதான் திருத்தம் நடக்கிறது. முன்பே கெட்டவை கெட்டபடி கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வாணி பிழைதிருத்தியில் இட்டால் 'முரம்' போன்றவை அகப்படும். 'குடை'யையும் 'புலி'யையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். முழுக் கோப்பையும் வரிவரியாகப் படிக்க நேரமில்லையென்றால், ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும், முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் சொல்லையும், அட்டவணைக் கட்டங்களின் தொடக்கத்தையும், ஆட்பெயர்களையும் மட்டும் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.