இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் காகஸில் ஓட்டுப் போடுவது எப்படி?

கேள்வி: அயோவா மாநிலத்தில் டி மாய்ன் நகரில் நர்ஸாக இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது. பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இங்கே மாலை 7 மணிக்கு காகஸ் கூட்டத்தில் நேரில் இருக்கவேண்டும் என்கிறார்கள். நியூயார்க்கில் இருக்கும் என் அண்ணி பிரைமரியில் ஐந்து நிமிடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார். இதில் என்ன நியாயம்? நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். இரண்டில் எது நேர்மையான முறை என்று கேட்டால், தயங்காமல் பிரைமரி என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் அண்ணியின் ஊரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பிரைமரி வழக்கமான தேர்தல் போலத்தான். பெரும்பாலும் மாநில அரசே நடத்தும். நாள் முழுக்க சாவடி திறந்திருக்கும், பல இடங்களில் தபாலிலும் அனுப்பலாம். காகஸ் என்பது கட்சியே பள்ளிக்கூடத்திலோ சர்ச் ஹாலிலோ கூட்டும் கூட்டம். அயோவா ஜனநாயகக் கட்சியில் 2020 வரை ரகசிய வாக்கே கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவரின் மூலையில் போய் நிற்கவேண்டும், தலை எண்ணுவார்கள். பொதுவாக 15 சதவீதம் தேறாத அணி கலைந்து வேறு மூலைக்குப் போகவேண்டும். மேலதிகாரியும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் யார் பக்கம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். குடியரசுக் கட்சியினர் அதே இரவில் சீட்டில் பெயர் எழுதிப் போடுகிறார்கள். ரகசியம் உண்டு. ஆனால் ஆள் அங்கே இருந்தாகவேண்டும்.

இதனால் வெளியே நிற்பவர்கள் யார்? ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நடமாட முடியாத முதியவர்கள். 2024 ஜனவரி 15 அன்று கடும் குளிரில் நடந்த அயோவா குடியரசுக் கட்சி காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 1.1 லட்சம் பேர். அங்கே அந்தக் கட்சியில் பதிந்திருந்தவர்களோ ஏழு லட்சத்துக்கும் மேல்.

வராதவர்களும் வந்திருந்தால் முடிவு மாறுமா? 2016-இல் வாஷிங்டன் மாநிலம் இதற்கு ஒரு நல்ல சோதனைக்களமாக அமைந்தது. மார்ச் மாத ஜனநாயகக் கட்சி காகஸில் சுமார் 2.3 லட்சம் பேர் கலந்துகொள்ள, பெர்னி சாண்டர்ஸ் ஏறக்குறைய 73 சதவீதம் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து அதே மாநிலத்தில் தபால் வாக்கு பிரைமரி. சுமார் 8 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், ஹிலாரி கிளிண்டன் ஜெயித்தார். ஆனால் கட்சியின் தேசிய மாநாட்டில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் காகஸ் கணக்குப்படிதான் பிரிக்கப்பட்டார்கள். அந்த பிரைமரி நடப்பதற்குள் போட்டி ஏறக்குறைய முடிந்திருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆனாலும் நெப்ராஸ்காவில் அதே ஆண்டு அதே கதை: காகஸில் சாண்டர்ஸ், பிரைமரியில் கிளிண்டன். வாஷிங்டன் ஜனநாயகக் கட்சி 2020-க்கு பிரைமரிக்கே மாறிவிட்டது.

எண்ணிக்கையிலும் காகஸ் பலமுறை சறுக்கியிருக்கிறது. 2012-இல் அயோவா குடியரசுக் கட்சி காகஸில் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரிக் சாண்டோரம்தான் 34 ஓட்டு அதிகம் என்றார்கள். கடைசியில் 28 பிரதிநிதிகளில் 22 பேர் மூன்றாவதாக வந்த ரான் பால் பக்கம் போனார்கள்! அவருடைய ஆட்கள் அடுத்தடுத்த மாவட்ட, மாநில மாநாடுகளில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். 2020-இல் ஜனநாயகக் கட்சியின் ஆப் சொதப்பி முடிவு நாள்கணக்கில் இழுத்தது. முதல் சுற்றில் சாண்டர்ஸுக்கு சுமார் 6,000 பேர் அதிகம் நின்றும், தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகளில் பீட் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12.

காகஸுக்கென்று ஒரு நல்ல குணமும் உண்டு. உங்கள் வேட்பாளர் தேறாவிட்டால் அந்த மூலைகளில் இரண்டாவது விருப்பத்துக்கு வழி இருந்தது. ஆனால் அதற்காகக் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை. 2020-இல் அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் ஜனநாயகக் கட்சிகள் விருப்ப வரிசை எழுதும் வாக்குச்சீட்டிலேயே அதைச் செய்தன.

வெட்டுப்புள்ளி, அதாவது பிரதிநிதிகள் கிடைக்க வாங்கவேண்டிய குறைந்தபட்ச சதவீதம், எங்கே வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி 2024-இல் அயோவாவில் 8 சதவீதத்துக்குக் கீழேதான் வாங்கினார். அங்கே குடியரசுக் கட்சியில் வெட்டுப்புள்ளி இல்லாததால் 3 பிரதிநிதிகள் கிடைத்தார்கள். ஜனநாயகக் கட்சியின் 15 சதவீத விதி இருந்திருந்தால் ஒருவர்கூட இல்லை.

இப்போது அண்ணியின் ஊர். நியூயார்க் பிரைமரி மூடிய பிரைமரி: கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே ஓட்டு. 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாற்றிப் பதிய கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் உரிய காலத்தில் பதியாததால் அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை. 2019-இல் சட்டத்தைத் தளர்த்தினாலும், கட்சி மாற்ற இன்னும் பல வாரம் முன்பே முடிவெடுக்கவேண்டும். அண்ணி வெகுநாள் முன்பே கட்சியில் பதிந்திருப்பார். அந்த ஐந்து நிமிடம் அப்படி வந்ததுதான்.

அயோவாவில் இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி அதிகம். இதுவரையிலான நடைமுறைப்படி காகஸ் நடக்கும் இடத்திலேயே, அன்று மாலையே கட்சியில் பதிந்துகொள்ளலாம். அதனால் உங்களுக்குத் தடை நேரம் மட்டும்தான். குடியரசுக் கட்சி என்றால் வேறு வழியில்லை, நேரில் போகவேண்டும். தேதி அறிவித்த அன்றே அந்த ஷிஃப்டை மாற்றிக் கேளுங்கள். பேச்சு முடிந்ததும் சீட்டு போட்டுவிட்டுக் கிளம்பலாம், முழு இரவும் போகாது. ஜனநாயகக் கட்சி என்றால், 2024-இல் வேட்பாளர் விருப்பத்தைத் தபால் அட்டையில் எழுதி அனுப்ப விட்டார்கள். 2020-இல் ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்காக வேறு நேரங்களில் துணைக் கூட்டங்களும் நடந்தன. விதிகள் ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் மாறும் என்பதால், தேர்தலுக்கு முந்தைய கோடையிலேயே உங்கள் ஊர் இருக்கும் போக் (Polk) மாவட்டக் கட்சி அலுவலகத்துக்கு எழுதி இரண்டு விஷயம் கேளுங்கள்: தபால் அட்டை உண்டா, உண்டென்றால் அதைக் கேட்டு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? இல்லை என்று பதில் வந்தால், உங்கள் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு துணைக் கூட்டம் கேட்டு மனு கொடுங்கள். 2020-இல் அந்தக் கூட்டங்களை அனுமதித்ததே இப்படி வந்த விண்ணப்பங்களைப் பார்த்துத்தான்.