மரக்கன்றுக்கு முன்னால் மின்கட்டணப் பட்டியல்: கல்லூரிகளும் ஆலைகளும் கேட்டவை

எரிசக்தித் தணிக்கைத் துறையில் பணியாற்றும் ஒருவர், காலநிலை மாற்றம் தொடர்பாக வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (கல்லூரி முதல்வர்): எங்கள் வளாகத்தைக் கரிம நடுநிலை வளாகமாக்க, அதாவது வெளியிடும் கரியமில வாயுவை முழுவதும் ஈடுகட்டும் வளாகமாக்க, விரும்புகிறோம். முதற்கட்டமாக 1,000 மரக்கன்றுகள் நடலாமா?

பதில்: தாராளமாக நடுங்கள் ஐயா, நிழலுக்கும் மண்ணுக்கும் நல்லது. ஆனால் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டாம். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது பரவலாகக் கையாளப்படும் மதிப்பீடு. அதன்படி 1,000 மரங்களும் பிழைத்து வளர்ந்த பிறகுதான் ஆண்டுக்கு 20 டன் என்ற நிலை வரும். உங்கள் விடுதிகளில் 1,000 பழைய மின்விசிறிகள் இருப்பதாகக் கொள்வோம். 75 வாட் விசிறிக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறியைப் பொருத்தி, நாளுக்கு 10 மணி நேரமும் ஆண்டுக்கு 250 நாட்களும் ஓட்டினால் 1,12,500 யூனிட் மிச்சமாகும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், முதல் ஆண்டிலேயே கிட்டத்தட்ட 79 டன் குறைகிறது. விசிறி 3,000 ரூபாய், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் போட்ட பணம் மூன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே கடந்த ஓராண்டு மின்கட்டணப் பட்டியல்களையும் ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் ரசீதுகளையும் முதலில் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நடுநிலை அறிவிப்பு சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

கேள்வி (கல்லூரி பராமரிப்புப் பொறியாளர்): ஏ.சி.களை 24 டிகிரியில் வைத்தால் போதுமா?

பதில்: மின்சாரம் குறையும், ஆனால் கசிவையும் கவனியுங்கள். ஆர்-410ஏ என்னும் குளிர்பதன வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 2,000 மடங்கு வலிமை உடையது. ஒரு கிலோ கசிந்தால், 700 லிட்டருக்கும் மேலான டீசலை எரித்ததற்கு ஒப்பான பாதிப்பு ஏற்படும். எனவே ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்தில், நிரப்பிய வாயுவின் எடையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மீண்டும் மீண்டும் வாயு கேட்கும் இயந்திரத்தில் கசிவு இருக்கிறது என்றே பொருள். புதிதாக வாங்கும்போது, புவியைச் சூடாக்கும் வலிமை இதைவிடக் குறைந்த ஆர்-32 அல்லது ஆர்-290 வாயு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்): ஐரோப்பிய வாங்குநர் கரிமக் கணக்கு கேட்கிறார். எல்லை வரி எங்களுக்கும் வருமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி, அதாவது இறக்குமதிப் பொருளின் உமிழ்வைப் பொறுத்து விதிக்கும் கட்டணம், இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றில் தொடங்கியது, ஆடை அந்தப் பட்டியலில் இல்லை. வாங்குநர் கேட்பதற்குக் காரணம் வேறு. உங்கள் ஆலையின் உமிழ்வு அவருடைய கணக்கில் மூன்றாம் பிரிவாக, அதாவது விநியோகச் சங்கிலியின் உமிழ்வாக, ஏறுகிறது. திருப்பூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்டதை அடுத்து, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரே வெளியேறாத முறை நடைமுறைக்கு வந்தது. ஆற்றுக்கு அது தேவையான முடிவுதான். ஆயினும் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் எஞ்சும் உப்புநீரை ஆவியாக்க ஏராளமான வெப்பமும் மின்சாரமும் செலவாகின்றன என்பதால், துணி நனைக்கும் தண்ணீரைக் குறைப்பதே உங்களுக்கு எரிபொருளையும் குறைக்கும் வழி. மின்சாரத்துக்குக் காற்றாலையில் கூட்டாகப் பங்கு வாங்கலாம்: 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் குறைந்தது 26 சதவீதப் பங்கை வைத்திருந்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்த வேண்டும். காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும்; மற்ற மாதங்களுக்குச் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி (பொறியியல் பேராசிரியர்): எங்கள் மாணவர்கள் சிறு ஆலைகளுக்கு எவ்வகையில் உதவலாம்?

பதில்: இறுதியாண்டுத் திட்டப்பணியை ஆலைக்குள் கொண்டுபோங்கள். சிறு ஆலை முதலாளிக்குத் தணிக்கையாளரை அமர்த்தப் பணமில்லை. உங்களிடம் அளவுக் கருவிகளும் மாணவர்களும் இருக்கிறார்கள். கொதிகலனின் புகைபோக்கி வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். அதை ஒவ்வொரு 22 டிகிரி குறைக்கும்போதும் ஏறத்தாழ ஒரு சதவீத எரிபொருள் மிச்சமாகும். உற்பத்தி நடக்காத ஞாயிற்றுக்கிழமையில் காற்றழுத்தியை (கம்ப்ரசரை) மட்டும் ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் சுமையில், அதாவது காற்றை அழுத்தியபடி, இயங்குகிறது என்று குறிக்கட்டும். அந்த நேரம் முழுவதும் குழாய்க் கசிவுக்குச் செலவானதுதான். ஆனால் அறிக்கையை முதலாளி படிக்கக்கூடிய தமிழில் இரண்டு பக்கத்துக்குள், ரூபாய்க் கணக்குடன் எழுதச் சொல்லுங்கள்.