பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். வைஃபை, பிரிண்டர் டிரைவர் எல்லாம் எங்க போய் தேடறது?

தைரியமா போடுங்க. ஆனா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க பென்டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

நான் மாறினது விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடியுதுன்னு சொன்னப்போ. வீட்ல இருந்தது நாலாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11க்கு இண்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் வேணும், அதனால அந்தப் பக்கம் போக வழியே இல்ல. அப்பா தினமும் காலைல பேப்பர் படிக்கறது அந்த லேப்டாப்லதான், போன் எழுத்து அவருக்கு கண்ணுக்கு ஒத்துக்கல, தூக்கிப் போட மனசு வரல. லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22, அதுல லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் எடுத்தேன், இதுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. டவுன்லோடு 3 ஜிபி பக்கம் வரும், 8 ஜிபி பென்டிரைவ் தாராளமா போதும், பூட் பென்டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல எழுதிட்டு லேப்டாப்ப ஆன் பண்ணும்போது எஃப்12 இல்லன்னா எஃப்9 இல்லன்னா எஸ்கேப், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத அழுத்தினா பென்டிரைவ்ல இருந்தே டெஸ்க்டாப் வந்துடும், இதத்தான் லைவ்னு சொல்றது. ஹார்ட் டிஸ்க்க அது தொடாது.

இப்ப டிரைவர் விஷயம். விண்டோஸ் பழக்கத்துல நாம எல்லாரும் மாடல் நம்பரப் போட்டு கூகுள்ல தேடி ஃபைல் ஃபைலா இறக்குவோம். இங்க அந்த வேலை இல்ல. சவுண்ட், டச்பேட், கேமரா, இண்டெல் கிராஃபிக்ஸ் இதுக்கெல்லாம் டிரைவர் கெர்னலோடயே (லினக்ஸோட மையப் பகுதி) வந்துடுது, தானா புடிச்சுக்கும். நீங்க கவலைப்பட வேண்டியது விட்டுப்போன ஒண்ணு ரெண்டுக்குத்தான், எது விட்டுப்போச்சுன்னு லைவ்ல ஓட்டும்போதே தெரிஞ்சுடும். பாட்டு போட்டுப் பாருங்க, கேமரா தொறந்து பாருங்க, பிரைட்னஸ் கீ அழுத்திப் பாருங்க, மூடி வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு தொறங்க, முழிச்சு வருதான்னு பாருங்க (இத முக்கால்வாசி பேரு செக் பண்றதே இல்ல).

எனக்கு எல்லாம் வந்துச்சு, வைஃபை மட்டும் வரல. வைஃபை வந்தாத்தான் டிரைவர் இறக்க முடியும், டிரைவர் இருந்தாத்தான் வைஃபை வரும், ரவுட்டர் வரைக்கும் நீளமா கேபிளும் கிடையாது. அப்ப கை குடுத்தது ஆண்ட்ராய்டு போன்தான். சார்ஜர் கேபிள்ல போன லேப்டாப்போட சேர்த்து, செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல இருக்கற யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணதும் லினக்ஸ் அத கேபிள் கனெக்‌ஷன்னு நெனச்சு உடனே நெட்ட எடுத்துக்கிச்சு. எந்த டிரைவரும் கேக்கல.

அடுத்து டெர்மினல் (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) தொறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைஃபன், என்என்கே, எல்லாம் சின்ன எழுத்துல, அடிச்சு என்டர் தட்டுங்க. உள்ள இருக்கற ஒவ்வொரு பார்ட்டும் வரிசையா வரும், பக்கத்துல பகரக்குறிக்குள்ள ஒரு ஐடி நம்பர் இருக்கும், 8086ன்னு ஆரம்பிச்சா அது இண்டெல். அதுக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி வரணும். என் வைஃபைக்கு அந்த வரியே இல்ல. சிப் இருக்கு, டிரைவர் ஒட்டல, அவ்வளவுதான் விஷயம்.

லைவ்ல போடற டிரைவர் ரீஸ்டார்ட் பண்ணா போயிடும், அதனால மத்ததெல்லாம் திருப்தின்னு தெரிஞ்சதும் மொதல்ல இன்ஸ்டால் முடிச்சுட்டேன். அப்புறம் மெனுல டிரைவர் மேனேஜர் தொறந்தா என் சிப்ப காட்டி, பக்கத்துல ரெகமண்டட்னு ஒண்ணு இருந்துச்சு, அத செலக்ட் பண்ணி அப்ளை. செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத டிரைவர ஏத்தவிடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்ததால நடுவுல ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுச்சு, அத பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. ஏன்னா ரீஸ்டார்ட் ஆகும்போது நீல ஸ்கிரீன் ஒண்ணு வரும், பத்து செகண்ட்தான் நிக்கும், அதுக்குள்ள ஒரு கீ தட்டி, என்ரோல் மோக் எடுத்து, அதே பாஸ்வேர்ட குடுக்கணும். ஏதோ எர்ரர்னு பயந்து விட்டுட்டீங்கன்னா டிரைவர நம்பச் சொல்ற சாவி (அதுதான் மோக்) பதியாது, டிரைவர் இருந்தும் லோடு ஆகாது. நான் குடுத்தேன், டெஸ்க்டாப் வந்ததும் மூலைல அந்த விசிறி மாதிரி ஐகான், கிளிக் பண்ணா பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் வரிசையா நிக்குது. அந்த சந்தோஷத்த என்னன்னு சொல்றது!

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாலும் இதே டிரைவர் மேனேஜர் வழிதான், பூட் ஆகும்போது ஸ்கிரீன் கருப்பா நின்னா மட்டும் பென்டிரைவ் மெனுல கம்பாட்டிபிலிட்டி மோட் எடுங்க. இப்படி தனியா போடற டிரைவர்கள் கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் சில நேரம் மக்கர் பண்ணும், அப்ப பூட் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னல்ல ஏறிக்கலாம், அதனால பழைய கெர்னல அவசரப்பட்டு அழிக்காதீங்க.

பிரிண்டர் வைஃபை உள்ள புது மாடலா இருந்தா பெரும்பாலும் தானா லிஸ்ட்ல வந்து நிக்கும். எச்பி-க்கு அந்தக் கம்பெனியே குடுக்கற எச்பிலிப்ங்கற டிரைவர் தொகுப்பு மின்ட்லயே இருக்கு. பழைய சின்ன லேசர் பிரிண்டர்தான் சிரமம், சிலது கம்பெனி டிரைவர் இல்லாம ஒரு பக்கம்கூட அடிக்காது, அதனால அதையும் லைவ்லயே மாட்டிப் பாத்துடுங்க. தமிழ் டைப்பிங் பத்தி கவலை வேணாம், கீபோர்ட் லேஅவுட்லயே தமிழ்99 இருக்கு, இந்தப் பதில அதுலதான் அடிச்சேன்.

வைஃபை உங்களுக்கும் வரலன்னா அந்த என்என்கே லிஸ்ட்ல நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்கற வரிய ஐடி நம்பரோட கமெண்ட்ல போடுங்க, எந்த டிரைவர்னு பாத்துச் சொல்றேன்.