பினாங்கில் ஒரு மாதம்: காட்பாடிச் செலவோடு எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். காட்பாடியில் சொந்த வீடு. மாதம் 42,000 ரூபாய் செலவாகிறது. பட்டியல் இணைத்திருக்கிறேன். மலேசியாவில் உள்ள பினாங்கில் ஒரு மாதம் தங்கிப் பார்க்க ஆசை. "இங்கே ஆகிற செலவுதான் அங்கேயும் ஆகும், தைரியமா போய்ட்டு வாங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நம்பலாமா?

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள், ஆனால் அந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். பெங்களூரில் 30,000 வாடகை கொடுப்பவர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது ஓரளவு பொருந்தும். உங்களுக்கு இங்கே வாடகையே கிடையாது. அங்கே அதுதான் முதல் செலவு.

முதலில் அந்த 42,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். சீட்டு 5,000, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 4,500, மருத்துவக் காப்பீட்டுக்கு மாதப் பங்கு 3,500, உங்கள் இருவரின் மாத்திரை 3,000, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 3,000, இணையமும் கேபிளும் 1,000. ஆக 20,000. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் இது போய்க்கொண்டேதான் இருக்கும். வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தை மட்டும் அந்த மாதம் நிறுத்தலாமே என்று தோன்றலாம். நிறுத்தாதீர்கள். பயணம் போவது நீங்கள், அவருக்கு அந்த மாதமும் அடுப்பு எரிய வேண்டும்.

மீதி 22,000-தான் உண்மையில் மிச்சமாகும்: பால், காய்கறி, மளிகை, கேஸ், பெட்ரோல், கரன்ட். கரன்ட் பில்லில் ஒரு சிறு வழி இருக்கிறது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே கணக்கெடுப்பு, அதில் முதல் 100 யூனிட் இலவசம். ரீடிங் எடுத்த கையோடு கிளம்பி, ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டுப் போனால் அந்தப் பில் நன்றாகவே குறையும்.

நம் ஊர்ச் செலவு குறைவாகத் தெரிவதற்கு அடிப்படைக் காரணம் கூலி. முடி வெட்டுவது, துணி தைப்பது, ஆட்டோ, வீட்டு வேலை என்று மனித உழைப்பால் நடக்கிற எதுவும் இங்கே மலிவு. செல்போன், விமான டிக்கெட் போன்றவற்றின் விலை நாட்டுக்கு நாடு பெரிதாக மாறாது. அதனால் அங்கே போய் இங்கிருப்பது போலவே வாழப் பார்த்தால் கை சுடும். நம் வெங்காயமே கப்பலேறிப் போய்த்தான் மலேசியாவில் விற்கிறது! அந்த ஊர்க்காரர்கள் வாழ்வதுபோல் வாழ்ந்தால் சமாளிக்கலாம். காலையில் இரண்டு ரிங்கிட் (மலேசியப் பணம்) அளவில் ஒரு ரொட்டி சனாய், அதாவது அந்த ஊர்ப் பரோட்டா, வெளியே போக பஸ். உங்கள் மனைவி இங்கே டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போவதுபோல, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள் சுற்ற கேட் (CAT) என்ற இலவச பஸ் இருக்கிறது. அதில் ஆண்களுக்கும் டிக்கெட் கிடையாது.

தங்குமிடத்துக்கு என்ன செய்வது? அந்தப் பாடம் வேலூரிலேயே இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் காந்தி ரோடு பக்கம் எப்படித் தங்குகிறார்கள் என்று பாருங்கள். சிகிச்சை வாரக்கணக்கில் இழுக்கும் என்றால் அடுப்பும் பாத்திரமும் உள்ள அறையாகக் கேட்பார்கள். நாள் வாடகையை விட்டுவிட்டு மொத்தமாகப் பேசுவார்கள். மீனும் காயும் வாங்கி வந்து சமைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே தேடுங்கள்: சமையலறை உள்ள இடம், மாத வாடகை. ஹோட்டல் என்றால் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 28 இரவுக்கு அதுவே 280 ரிங்கிட்.

இப்போது கூட்டுவோம். ரிங்கிட்டை 22 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், கிளம்பும்போது அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அறை 100, சாப்பாடு 60, பஸ்ஸும் மற்றதும் 20 ரிங்கிட் என்றால் 28 நாளுக்கு 5,040 ரிங்கிட், அதாவது சுமார் 1,11,000 ரூபாய். விமான டிக்கெட், சென்னைக்கு வண்டி, பயணக் காப்பீடு எல்லாம் இருவருக்கும் 54,000 என்று வைப்போம். மொத்தம் 1,65,000. இங்கே மாதம் மிச்சமாகும் 22,000-இல் 28 நாளுக்கான பங்கு சுமார் 20,500-ஐக் கழித்தால், கூடுதலாக நீங்கள் எடுத்து வைக்க வேண்டியது 1,44,500. இந்தத் தொகைதான் நீங்கள் கேட்ட ஒப்பீடு. 42,000-ஐயும் 1,65,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

அந்த 54,000 ஒன்பது நாள் போனாலும் அதேதான், ஒரு நாளைக்கு 6,000 ஆகிவிடும். 27 நாள் என்றால் 2,000. ஒரு மாதம் தங்கும் உங்கள் யோசனையை நான் ஆதரிப்பது இதனால்தான். அதிலும் ஒரே ஊரில் இருங்கள். ஊர் ஊராகப் போனால் மாத வாடகைச் சலுகை போய்விடும்.

கார்டு விஷயத்தில் கவனம். பல வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் தேய்த்தால் 4,130 ரூபாய் இப்படியே போகும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் உண்டு, வங்கியில் கேளுங்கள். கடை மெஷின் "ரூபாயா, ரிங்கிட்டா" என்று கேட்டால் ரிங்கிட்டையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் ரிங்கிட்டுக்கு அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இங்கே உடம்புக்கு ஒன்று என்றால் ஆட்டோ பிடித்து சிஎம்சிக்குப் போய்விடலாம். அங்கே தனியார் மருத்துவமனையில் ஒரு இரவு படுத்தாலே மேலே போட்ட கணக்கெல்லாம் அடிபட்டுவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் எழுதி, அவற்றால் வரும் அவசர சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று பாலிசியில் படித்துப் பார்த்து வாங்குங்கள். மாத்திரைகளை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டோடு, ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். இது நீட்டித்து வரும் சலுகை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள். 28 நாளோடு நான் நிறுத்தியது அதற்காகத்தான். அப்புறம், உங்கள் ஓய்வூதிய நேர்காணல் எந்த மாதம் என்று பார்த்து, அந்த மாதத்தை விட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.