காதலும் மர்மமும் ஒரே அட்டைக்குள்

கேள்வி: இளம் வயதினருக்காக எழுதப்படும் காதல், மர்ம நாவல்களை என் மகளோடு சேர்ந்து நானும் வாசிக்கிறேன். கொலையாளி யார் என்று மனம் பரபரக்கும் நேரத்தில், இரண்டு இளைஞர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கதாநாயகி பக்கம் பக்கமாகத் தவிப்பது எனக்குச் சலிப்பூட்டுகிறது. இவ்விரண்டும் ஒரே நாவலில் ஒத்துப்போகுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக ஒத்துப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் துப்பறியும் கதைக்குள் காதலைப் பின்னி வாசகர்களைக் கட்டிப்போட்டார்கள்.

உங்கள் சலிப்பு நியாயமானதே (முக்கோணக் காதலுக்கு என்னிடமும் பொறுமை இல்லை). ஆனால் குற்றம் காதலின் மீதன்று. செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவில் கல்யாணக் கூட்டம் நிறைந்திருக்கையில், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து காணாமற்போன பெட்டகச் சாவியைத் தன் காதலனின் சட்டைப்பையில் ஒரு பெண் பார்த்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவனை நம்புவதா, காட்டிக்கொடுப்பதா என்ற அவளுடைய தவிப்பே அங்கு மர்மத்தை நகர்த்துகிறது. காதல் பகுதியை நீக்கிய பிறகும் துப்பு துலங்கும் வழி சற்றும் மாறவில்லையென்றால், அது பக்கத்தை நிரப்பச் சேர்த்த சரக்கு. அத்தகைய அத்தியாயங்களைத் தயங்காமல் தாண்டிச் செல்லுங்கள்.