எழுந்து நின்றாரா உங்கள் ஒய்.பி.? – வாசகர் கேள்வி பதில்

பட்ஜெட் மாதம் வந்தால் எனக்குக் கடிதம் கூடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நம் ஒய்.பி., அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், பட்ஜெட் ஓட்டெடுப்பில் என்ன செய்தார் என்பது. அதனால் சினிமாக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், "இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு 100 மில்லியன் வெள்ளி போதாது, 200 ஆக்கச் சொல்லி மக்களவையில் திருத்தம் கொண்டுவந்தேன், தோற்கடித்துவிட்டார்கள்" என்று பேசினார். எல்லாரும் கைதட்டினோம். உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், பிறை

பதில்: தட்டிய கையைத் திரும்ப வாங்க முடியாது, விடுங்கள். ஆனால் தம்பி, அப்படி ஒரு திருத்தத்தை அவர் அமைச்சராக இல்லாதவரை கொண்டுவரவே முடியாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 67ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வரியை ஏற்றுகிற, அரசாங்கக் கருவூலத்துச் செலவைக் கூட்டுகிற மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர் ஒருவர்தான் முன்மொழியலாம். மற்றவர்கள் குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்ல முடியாது. எதிர்க்கட்சியினர் அமைச்சரின் சம்பளத்தில் 10 வெள்ளியை வெட்டச் சொல்லித் தீர்மானம் கொடுப்பது இதனால்தான். பத்து வெள்ளியை வைத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒழுங்காக ஒரு நாசி கண்டார் சாப்பிட முடியாது. தொகை பெரிதல்ல, அந்தச் சாக்கில் அமைச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம்.

அவர் உண்மையிலேயே ஏதாவது செய்திருந்தால் அது வேறு வழியில் நடந்திருக்கும். கொள்கை விவாதத்தில் பேசியிருக்கலாம், அமைச்சு வாரியாக வரும் குழு நிலை விவாதத்தில் தொகையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம், வெளியே நிதியமைச்சரை நெருக்கியிருக்கலாம். இது ஒன்றும் சாதாரண வேலை இல்லை. 2021ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் ஜாசா என்ற பிரசாரப் பிரிவுக்கு 85.5 மில்லியன் வெள்ளி ஒதுக்கியதும் பெரிய சத்தம் கிளம்பியது. அப்போதைய நிதியமைச்சர் தெங்கு ஸஃப்ருலே அதிலிருந்து 45 மில்லியனைக் குறைத்துக்கொண்டார். நம் ஊரில் பட்ஜெட் மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்: திருத்தத்தைச் சொல்வது அமைச்சரின் வாய், சொல்ல வைப்பது மற்றவர்களின் நெருக்கடி.

நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட், அதாவது அவைப் பேச்சுப் பதிவு, தேதி வாரியாகக் கிடக்கிறது. மலாயில்தான் இருக்கும். கோப்பைத் திறந்து தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பேசியிருந்தால் வரி வரியாக இருக்கும். இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்கு முறுக்கோடு அந்தக் கேள்வியையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஹன்சார்ட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். பேச்சு இருக்கிறது, ஆனால் யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற பட்டியலைக் காணோம். மறைக்கிறார்களா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மறைக்கவில்லை அம்மா, எடுக்கவே இல்லை. நம் கோயில் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை வாசித்து முடித்ததும் "ஏற்றுக்கொள்கிறோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு முனகல் வருமே, செயலாளர் உடனே அடுத்த பக்கத்தைத் திருப்புவாரே, மக்களவையிலும் பெரும்பாலும் அதே கதைதான். ஆதரிப்போர் குரல், எதிர்ப்போர் குரல், எது பெரிது என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார். குரலுக்குப் பெயர் கிடையாது.

பெயர் வேண்டுமென்றால் எண்ணி வாக்கெடுக்கச் சொல்ல வேண்டும். நாளிதழ்களில் பிளாக் வோட்டு என்று படித்திருப்பீர்கள். அதற்குக் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் மணி அடிக்கும், வெளியே காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஓடி வருவார்கள், தலை எண்ணுவார்கள், பெயர்கள் ஹன்சார்ட்டில் ஏறும்.

2020 நவம்பர் 26ஆம் தேதியை நான் மறக்க மாட்டேன். அப்போதைய பிரதமர் முஹிடினின் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். பட்ஜெட் கொள்கை நிலை வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிரே நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். எழுந்து நின்றவர்கள் 13 பேர். இரண்டு பேர் குறைந்ததால் குரல் வாக்கிலேயே பட்ஜெட் அந்தக் கட்டத்தைத் தாண்டியது. குழு நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைவர்களின் கணக்கு என்றார்கள். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தே இருந்தவர்கள் பிறகு தொகுதிக்கு வந்து "நாங்கள் எதிர்த்தோம்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்ஜெட் முழுவதற்குமாகத் தலை எண்ணியது டிசம்பர் 15ஆம் தேதி, இறுதிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில்தான்: 111 ஆதரவு, 108 எதிர்ப்பு. அந்தப் பட்டியல் ஹன்சார்ட்டில் பெயரோடு இருக்கிறது, பாருங்கள்.

ஆகவே உங்கள் ஒய்.பி.யிடம் "எப்படி ஓட்டுப் போட்டீர்கள்" என்று மட்டும் கேட்டால் தப்பித்துவிடுவார். "எண்ணச் சொல்லி எழுந்து நின்றீர்களா" என்று கேளுங்கள். ஆளுங்கட்சிக்காரர் என்றாலும் கேட்கலாம். தன் பட்ஜெட் நல்ல பட்ஜெட் என்று நம்புகிறவருக்குத் தன் பெயர் அதன் கீழே வருவதில் என்ன கஷ்டம்?

கேள்வி: கட்சிக் கொறடா சொன்னபடிதானே அவர்கள் ஓட்டுப் போட முடியும்? தனிமனிதரைக் குறை சொல்வது நியாயமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாதி நியாயம். கட்சி சொல்வதைக் கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காது, அந்தப் பயம் உண்மை. ஆனால் பதவியே போய்விடும் என்று சிலர் சொல்கிறார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் இருக்கும் கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது 49ஏ பிரிவு, கட்சியை விட்டு விலகுபவரின் இடத்தைக் காலியாக்கும். கட்சியே நீக்கினால் இடம் போகாது. கொறடாவை மீறி ஓட்டுப் போடுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சில கட்சிகள் தங்கள் சட்டவிதியைத் திருத்தி அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தன. 2024இல் அப்படித் திருத்திய பெர்சத்து கட்சியின் 6 நாடாளுமன்ற உறுப்பினர்கள் விஷயத்தில் இடம் காலியாகவில்லை என்றுதான் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் சொன்னார்.

கொறடா சொன்னபடி கை தூக்குபவர் அதைத் தொகுதியில் வெளிப்படையாகச் சொல்லட்டும். "எனக்கு உடன்பாடில்லை, கட்சிக்காக ஆதரித்தேன்" என்று சொல்கிற ஒருவரை நான் மதிப்பேன். அங்கே ஆதரித்துவிட்டு இங்கே வந்து அங்கலாய்ப்பவரைத்தான் சகிக்க முடியவில்லை.

கேள்வி: மேலவை பட்ஜெட்டைத் தடுக்க முடியுமா?
– மாணவி, நிபோங் திபால்

பதில்: முடியாது. நிதி மசோதாவை ஒரு மாதம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். பரீட்சைக்கு வந்தால் 68ஆவது பிரிவு என்று எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போனால் நம்பர் சீட்டு வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உதவித்தொகை பாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அங்கே போய் பட்ஜெட் ஓட்டைப் பற்றிக் கேட்டால் கிறுக்கு என்று நினைக்க மாட்டார்களா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நினைக்கட்டும் அம்மா. அந்தப் பாரத்துக்குப் பின்னால் இருக்கும் பணம் அந்த ஓட்டில்தான் பிறக்கிறது.

ஆனால் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், மலாயிலோ தமிழிலோ. தேதியையும் அமைச்சின் பெயரையும் குறிப்பிடுங்கள். "இந்த அமைச்சின் ஒதுக்கீடு குழு நிலைக்கு வந்த அன்று அவையில் இருந்தீர்களா, பேசினீர்களா, எண்ணச் சொன்னீர்களா" என்று மூன்றே கேள்வி போதும். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது? நான் அரசாங்கக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆண்டுக்குள் செலவாகாத நிர்வாகச் செலவுப் பணம் காலாவதியாகிவிடும். அதனால் நவம்பர் வரை தூங்கிய கோப்புகள் டிசம்பரில் எழுந்து ஓடும். பிரிண்டர் மையும் இரும்பு அலமாரியும் தேவையோ இல்லையோ வந்து இறங்கும், நாங்கள் பில்லில் கையெழுத்துத் தேடிக்கொண்டு மாடி மாடியாக அலைவோம். பட்ஜெட்டுக்குக் கை தூக்கியவர் ஜூன் மாதமே "எங்கே போனது பணம்" என்று ஒரு எழுத்துக் கேள்வி அனுப்பியிருந்தால் அந்தக் கூத்து நடக்காது. அப்படி அனுப்பினாரா என்பதையும் ஹன்சார்ட்டோடு சேர்த்து நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே தேடலாம்.

சட்டமன்ற உறுப்பினருக்கும் இதே கடிதத்தைக் கொடுக்கலாம், மாநில பட்ஜெட் என்று மாற்றிக்கொண்டு. பினாங்கில் 40 பேர் இருக்கிறார்கள். லைட் ஸ்ட்ரீட்டில் கூடுகிறார்கள், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வராவிட்டாலும் முத்திரை குத்திய நகலை அனுப்புங்கள், உங்கள் பெயரை எடுத்துவிட்டு இதே பகுதியில் போடுகிறேன்.